ஆறுதல் சாப்பாடு

வாசல்படியில் இருந்த பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது. நுன்சியாவுக்கு முதலில் உறுத்தியது அந்தச் சூடுதான். ஊருக்குள் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாடகைக்கு எடுத்த வீட்டின் சாவி, சொன்னபடியே பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு எண்பது படி ஏறி, மகளைக் கட்டிலில் கிடத்தி, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, காரில் விட்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கதவைத் திறந்தால், வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிய ஒரு பாத்திரம். துணியின் நான்கு முனைகளும் மேலே சேர்ந்து இறுக்கமாக முடிச்சிடப்பட்டிருந்தன. பக்கத்தில் இரண்டு தட்டு, இரண்டு கரண்டி.

சந்தில் ஆள் இல்லை. ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு மோந்தெசெரோவில் யார்தான் இருப்பார்கள். கல் சுவர்கள் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பு வாசம் அடித்தது, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மலைச்சரிவில் சில்வண்டுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன, மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. மாலை நான்கு வரைக்கும் இப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் வெயில் என்று சொல்வார்கள், ஆனால் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"பரவாயில்லையே, மலைக்காரங்களுக்கு மரியாதை தெரியுது" என்று சொல்லிக்கொண்டே நுன்சியா பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனாள். அவள் அப்படிப்பட்டவள். ஃபோஜா நகரத்தில் பன்னிரண்டு வருஷமாக மருந்துக்கடையில் நின்று, ஊரார் பயத்துக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்து, தனக்கென்று ஒரு பயத்தையும் மிச்சம் வைத்துக்கொள்ளாதவள் என்று பெயர் எடுத்தவள். புருஷன் செவெரீனோ லாரி ஓட்டுகிறான். ஜெர்மனியில் சரக்கை இறக்கிவிட்டுச் சனிக்கிழமை நேராக இங்கே வந்து சேர்வதாகப் பேச்சு. மகள் மிரெல்லாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் மோந்தெசெரோ கோட்டையைப் பற்றிப் படம் காட்டினார்கள் என்று ஆறு மாதமாக நச்சரித்ததால்தான் இந்தப் பயணமே. கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டது.

முடிச்சை அவிழ்த்ததும் ஆவி எழுந்தது. கோழி சூப், அதில் பொடிப்பொடியாக மக்ரோனி, மேலே வேகவைத்த கோழித்துண்டு, தனியாக ரொட்டி. மிரெல்லா வாசனை பட்டதுமே "வேண்டாம்மா, குமட்டுது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நுன்சியாவுக்கு நல்ல பசி. நின்றபடியே ஒரு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் அதே நேரத்துக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, கனத்தைத் தூக்கி வருகிற காலடி. நுன்சியா நன்றி சொல்ல வேண்டும் என்று முன்பே எழுந்து நின்றிருந்தாள். கதவைத் திறந்தபோது ஒரு பருத்த பெண் குனிந்து பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும், கறுப்புப் பாவாடை, கைகளில் வெங்காய வாசம். எதிர்வீட்டுக்காரி. நேற்று மாலை ஜன்னல் இடுக்கில் அந்த முகத்தைப் பார்த்திருந்தாள்.

"எதுக்கு இவ்வளவு சிரமம்? ரொம்ப நன்றிக்கா" என்றாள் நுன்சியா.

அந்தப் பெண் விரலை உதட்டில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து நுன்சியாவின் கன்னத்தை உள்ளங்கையால் தடவினாள்.

"இதுக்கு நன்றி சொல்லக் கூடாது கண்ணு. உனக்குத் தெரியாததா? நான் லுக்ரேசியா. ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடு. சாப்பிடு. ஏதாவது சாப்பிட்டாகணும்."

போய்விட்டாள். அவள் கை பட்ட இடம் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். லுக்ரேசியா கண்ணைத் துடைத்த கையாலேயே தடவியிருக்கிறாள்.

அன்றைய பாத்திரத்தில் மறுபடி சூப்தான். ஆனால் கூடையில் இரண்டு சிறிய பாட்டில் கறுப்பு வைனும், மூடிபோட்ட குவளையில் காப்பியும் இருந்தன. காப்பியை ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை இல்லை. சமையலறையில் நின்றபடி அந்தக் கசப்பு தொண்டைக்குள் இறங்கும்போதுதான் நுன்சியாவுக்கு நினைவு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் அப்பா செத்தபோது, அடுக்குமாடியில் எல்லா வீட்டிலிருந்தும் இப்படித்தான் வந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கம் கொண்டு வந்து வைக்கும். கோழி சூப், ரொட்டி, சர்க்கரை போடாத காப்பி. இனிப்பு மட்டும் இருக்காது. நன்றி சொல்லக் கூடாது, மறுக்கக் கூடாது. ஆறுதல் சாப்பாடு என்று அதற்குப் பெயர்.

அவள் பாத்திரத்தை மூடினாள். இந்த வீட்டில் முன்பு இருந்த யாரோ செத்திருப்பார்கள், சொந்தக்காரர்கள் வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் மிரெல்லாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. வெயில், பயணம், வாந்தி. கடையில் யாராவது கேட்டால் கவலைப்படாதீங்க என்று சொல்லி அனுப்பக்கூடிய காய்ச்சல். பாதி மாத்திரை கொடுத்தாள். ராத்திரி காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மிரெல்லா குதித்துக்கொண்டு எழுந்தாள். கோட்டைக்குப் போகணும், ஐஸ் வேணும் என்று ஒரே பிடிவாதம். நுன்சியாவுக்கு உயிர் வந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தாள், திறக்கவில்லை. பாத்திரத்தைத் துணியோடு கட்டி ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, சதுக்கத்தில் இருந்த காப்பிக்கடைக்குப் போனாள். வீடு மாற்றி வைக்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

கடைக்காரர் பெயர் ஒராத்சியோ. ஒல்லியான ஆள், வாய் நீளம்.

"வாங்க சிஞோரா! கோட்டையப் பாக்க வந்தீங்களா, என் காப்பியக் குடிக்க வந்தீங்களா? கோட்டை எங்கயும் போகாது, தொள்ளாயிரம் வருஷமா நிக்குது. என் மெஷினைத்தான் நம்ப முடியாது, எப்ப வேணா நின்னுரும்."

"ரெண்டுக்கும்தான். பாப்பாவுக்கு ஒரு எலுமிச்சை ஐஸ் குடுங்க" என்றாள் நுன்சியா. சிரிப்பு வந்துவிட்டது. பாத்திரத்தை மேடைமேல் வைத்தாள். "இது எந்த வீட்டுக்குப் போகணும்னு தெரியுமா? மேலச் சந்துல, பச்சைக் கதவு வீட்டுல நாங்க தங்கியிருக்கோம். வீடு மாத்தி வெச்சிட்டுப் போயிட்டாங்க."

ஒராத்சியோவின் கை மெஷின் பிடியிலேயே நின்றுவிட்டது. அவர் முடிச்சைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை தட்டு?"

"ரெண்டு."

"வைன்?"

"அதுவும் ரெண்டு."

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

"நாளைக்கு வர்றார்."

இரண்டு தட்டு. தனக்கும் மகளுக்கும் என்றே இதுவரை நினைத்திருந்தாள். ஏழு வயதுக் குழந்தைக்கு யார் வைன் வைப்பார்கள்? இப்போதுதான், மேடையின் குளிர்ந்த தகரத்தில் கை ஊன்றி நிற்கும்போதுதான், அது அவளுக்கு உறைத்தது. இரண்டாவது தட்டு செவெரீனோவுக்கு.

"அங்க யாரும் சாகல" என்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது.

"இந்த ஊர்ப் பொம்பளைங்க வீடு மாத்தி வெச்சதே இல்ல தங்கச்சி." சிஞோரா என்ற மரியாதைச் சொல் போய்விட்டது. "கொஞ்சம் முன்னாடி வெச்சிடுவாங்க, அவ்வளவுதான். சில நேரம் ரெண்டு நாள், சில நேரம் நாலு. எங்கண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம் முந்தியே வந்துச்சு. அவன் சிரிச்சான். அண்ணிக்குத் தட்டு வெக்கலேங்கிறத அப்புறமாத்தான் கவனிச்சான்."

"யார் சொல்றா அவங்களுக்கு?"

"யாரும் சொல்றதில்ல. காலையில எந்திரிச்சுக் கோழி அடிக்கிறாங்க. எதுக்குன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. அழுதுகிட்டே அடிப்பாங்க." அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் பிடித்துக்கொண்டார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"மொத நாள். ஒரே ஒரு தட்டு. பசிச்சுது."

"மூணு நாள் சாப்பாடு. வீட்டுக்காரங்க வயிறு காலியா இருக்கறப்ப சவப்பெட்டியக் கொண்டு போகக் கூடாதுன்னு இங்க ஒரு முறை. எங்கண்ணன் அதத்தான் பிடிச்சுக்கிட்டான். பச்சைத் தண்ணியோட கிடந்தான். ரெண்டு நாள் தாங்குனான்."

"அப்புறம்?"

மிரெல்லா மேடையை எட்டித் தட்டி, "மாமா, எலுமிச்சை ஐஸ்" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் நின்ற இடத்தைத் தாண்டி, வாசலைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"அங்கிள் காதுல விழல. இன்னொரு கடைக்குப் போலாம்" என்றாள் நுன்சியா.

வெளியே வந்ததும் முதுகுக்குப் பின்னால் இரும்பு கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தாள். ஒராத்சியோ கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் இல்லை. பாதி.

சவ ஊர்வலம் கடக்கும்போது ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பது எந்த ஊரிலும் உள்ள மரியாதைதான். மருந்துக்கடையில் நுன்சியாவே அதை எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். பெட்டி கடந்து போனதும் மறுபடி ஏற்றிவிட்டு, அடுத்த ஆளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ரொட்டிக்கடை ஷட்டர் இறங்கியது. பாதி. அடுத்தது முடிதிருத்தும் கடை. அடுத்தது தையல்காரர். அவள் மகளைப் பிடித்துக்கொண்டு நடக்க நடக்க, அவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு ஷட்டராக இறங்கிக்கொண்டே போனது. மர நாற்காலியில் சீட்டாடிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து நின்றார்கள். சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். யாரும் முறைக்கவில்லை. ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை. ஒரு முகத்திலாவது கேலி இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

"ஏம்மா எல்லாரும் எந்திரிக்கிறாங்க?"

"நமக்கு வணக்கம் சொல்றாங்க. நட."

"கைய இறுக்காதம்மா, வலிக்குது."

வலிக்கிறது என்கிறாள். நல்லது. வலிக்கட்டும்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டி, துணி எல்லாம் கிடக்கட்டும் என்று கோட்டைவாசலுக்குக் கீழே நின்ற காருக்கு நேராக நடந்தாள். மகளைப் பின் இருக்கையில் உட்கார்த்திப் பட்டை போட்டாள். கார் உடனே கிளம்பியது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் ஃபோஜா. நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் சிரித்துவிட்டு அனுப்புவார். போதும்.

முதல் வளைவில் எதிரே வந்த டிராக்டர் ஓரம் கட்டியது. ஓட்டி வந்தவன் இறங்கி, புல்லில் நின்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். இரண்டாவது வளைவில் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்தப் பட்டப்பகல் வெயிலில் எல்லாவற்றுக்கும் முன்விளக்கு எரிந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள். அவர்களும் கூட்டினார்கள். குறைத்தாள். குறைத்தார்கள். வழிவிட்டு ஓரமாக நின்றாள். எல்லாக் கார்களும் நின்றன. ஒருவரும் முந்தவில்லை. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. இந்த நாட்டில் ஹாரன் அடிக்காமல் ஒன்பது கார்கள் ஒரு காருக்குப் பின்னால் பொறுமையாக நிற்பது ஒரே ஒரு சமயத்தில்தான்.

"அம்மா, கல்யாணமா?"

"பேசாம இரு."

மூன்றாவது வளைவுக்கு அப்பால் பாதை நேராகப் போனது. இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். கல்லறைத் தோட்டம். பள்ளத்தாக்குக்கு இறங்க அதைத் தாண்டித்தான் போகவேண்டும். வரும்போதும் அதைத் தாண்டித்தான் வந்தாள், அப்போது இரும்புக் கதவு பூட்டியிருந்தது. இப்போது இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. வாசலில் ஒரு ஆள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, அவள் காருக்காகக் காத்து நின்றான்.

அவள் பிரேக்கை மிதித்தாள். தாண்டிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தால் பத்து வினாடி. ஆனால் பின்னால் ஊரே வருகிறது. முன்னால் போகிற வண்டி எது? அதில் இருப்பது யார்? அவள்தான் கொண்டு வந்துகொண்டிருக்கிறாள். அவளே, தன் கையால். ஸ்டியரிங்கை ஒடித்து, பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் தேய, வண்டியைத் திருப்பினாள். ஒன்பது கார்களும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றன. ஒவ்வொன்றாகக் கடக்கும்போது உள்ளே இருந்தவர்கள் தலை குனிந்தார்கள்.

பச்சைக் கதவைத் தாழ்ப்போட்டு, மேசையை இழுத்து முட்டுக்கொடுத்த பிறகுதான் செவெரீனோவுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"வந்துட்டே இருக்கேன் நுன்சியா. ஜெர்மனி எல்லையத் தாண்டிட்டேன்." மூக்கு அடைத்த குரல்.

"என்ன இது, நாளைக்குத்தானே..."

"போன் பண்ணாங்களே. எதிர்வீட்டம்மான்னு. எல்லாம் சொன்னாங்க. நீ சாப்பிடவே மாட்டேங்கிறியாமே."

"செவெரீ, கேளு. பொய். அவ நல்லா இருக்கா. இங்கதான் இருக்கா, பக்கத்துல. நீயே பேசு." போனை மகளிடம் நீட்டினாள். "அப்பாகிட்ட பேசுடி. சத்தமாப் பேசு."

"அப்பா, அம்மா கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகவே இல்லப்பா" என்றாள் மிரெல்லா.

மறுபக்கம் லாரியின் உறுமல் மட்டும். பிறகு அவன் அழுதான். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை.

"வேண்டாம் நுன்சியா. அவ குரலப் போட்டுக் காட்டாத. பழைய வீடியோ எதுவும் போடாத. என்னால வண்டி ஓட்ட முடியாது."

வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நுன்சியாவிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். வயிறு காலியாக இருக்கும்வரை கொண்டு போகமாட்டார்கள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் எல்லாமே பைத்தியமாகிவிட்ட ஊரில் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது. கொண்டு வந்திருந்த பிஸ்கட்டையும் பீச் பழத்தையும் மகளுக்குக் கொடுத்தாள். அவள் கடிப்பதை, மெல்வதை, விழுங்குவதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தனக்குத் தண்ணீர் மட்டும். இரண்டு மணிக்குப் படியில் காலடி கேட்டது. பாத்திரம் கல்லில் உட்காரும் சத்தம் கேட்டது. கதவு இடுக்கு வழியாக வாசனை நுழைந்து, அறை முழுவதும் பரவி, திரைத்துணியில் ஏறி, தலையணையில் ஏறி, ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தது.

ராத்திரி மிரெல்லாவுக்குக் காய்ச்சல் திரும்பியது. முப்பத்தொன்பது. நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அவசர ஊர்திக்குக் கூப்பிட்டாள். முகவரி சொன்னதும் அந்தப் பக்கம் இருந்த பெண் "உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கிறோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்துவிட்டாள். நுன்சியா மாத்திரை கொடுத்தாள். மூச்சை எண்ணினாள். எண்ணிக்கொண்டே விடிந்தது. விடிந்த பிறகும் எண்ணினாள். காய்ச்சல் இறங்குவது கையில் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நெற்றி இதமாகி, பிறகு குளிர்ந்தது. அப்பாடா என்று கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்.

கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது.

விரிப்பு சுருக்கமே இல்லாமல் இழுத்து விரிக்கப்பட்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் வெயில். சில்வண்டுச் சத்தம் இல்லை. வெளியே எதுவுமே இல்லை. சமையலறையில் மட்டும் பீங்கான் சத்தம். மெல்ல, பொறுப்பாக யாரோ தட்டு வைக்கிறார்கள்.

"மிரே?"

"இங்கதாம்மா இருக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். முட்டுக்கொடுத்த மேசை நடுவுக்கு வந்திருந்தது. அதில் துணி விரித்து, தட்டும் ரொட்டியும் வைத்திருந்தது. அவிழ்த்த முடிச்சு. ஆவி. கதவு திறந்திருந்தது.

மிரெல்லா நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். வெள்ளை கவுன். நுன்சியா அதை வாங்கவில்லை. தலை ஈரமாக, நடுவகிடு எடுத்து வாரியிருந்தது. காலில் வெள்ளை ஷூ. குதிகாலைத் தூக்கி எட்டிப் பாத்திரத்தில் கரண்டியை விட்டபோது ஷூவின் அடிப்பாகம் தெரிந்தது. ஒரு துளி மண் இல்லை. அந்த ஷூ இன்னும் ஓர் அடிகூட எங்கேயும் நடந்திருக்கவில்லை.

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கதவுக்கு வெளியே படிகள் முழுக்க ஆட்கள் நின்றார்கள். லுக்ரேசியா. ஒராத்சியோ. சீட்டாடியவர்கள். எண்பது படியிலும், சந்து திரும்புகிற இடம்வரை. வெயிலில் நின்றார்கள். இருமல்கூட இல்லை. முதல் படியில் நான்கு ஆண்கள். கறுப்புக் கோட்டு. அவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். நாலாக மடித்தார்கள். பெட்டி உறுத்தாமல் இருக்கத் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

"சாப்பிடும்மா" என்றாள் மிரெல்லா. "ஏதாவது சாப்பிட்டாகணும்."

நுன்சியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை.

மகள் நாற்காலியிலிருந்து குனிந்து அவள் கன்னத்தைத் தடவினாள். கை குளிர்ந்திருந்தது.

"நீ சாப்பிடாம அவங்க என்னைக் கொண்டு போகமாட்டாங்களாம்மா. எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா? காலெல்லாம் வலிக்குது." கரண்டியை நிரப்பி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஆற்றினாள். அந்த உதடுகளிலிருந்து காற்று வரவில்லை. "ஒரு வாய்ம்மா. எனக்காக."

கரண்டி நுன்சியாவின் உதட்டுக்கு முன்னால் நின்றது. அப்படியே நின்றது. படிகளில் ஒருவரும் அசையவில்லை. ஒருவருக்கும் அவசரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மிரெல்லாவின் கை மெல்ல நடுங்க ஆரம்பித்தது. சின்னக் கை. எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

நுன்சியா வாயைத் திறந்தாள்.